கந்தரோடையின் உரோமச் சில்லறை

சுண்டுவிரல் நகத்தளவு, எடை ஏறத்தாழ ஒரு கிராம். பச்சைக் களிம்பு ஏறிய அந்தச் செம்புக்காசை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, வெயில் சாய்வாக விழும்படி திருப்பினால், முதலில் ஒரு கழுத்து தெரியும். அடுத்து முத்துக் கோத்த தலைப்பட்டி, பிடரியில் அதன் முடிச்சு. மறுபுறத்தில் சிறகுள்ள வெற்றித் தெய்வம் தோளில் வாகைச் சின்னத்தைச் சாத்திக்கொண்டு ஒரு கைதியை இழுத்துப் போகிறாள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் தியோடோசியஸ் என்ற உரோமப் பேரரசரும் அவருடைய மக்கள் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோரும் வெளியிட்ட சில்லறை இது. பழங்காசு சேர்க்க ஆசைப்பட்டு, கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு உலகச் சந்தையில் முதலில் எட்டுவது இந்த வகைதான். இலங்கை மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பதும் இந்தக் காலத்துச் செப்புக்காசுகளே.

ஏடுகளில் உள்ள கதை வேறு. கிளோடியஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41–54) செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் திசை தப்பி இலங்கையில் கரையேறியதை உரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்த ஆள் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்தது. அதைப் பார்த்த இலங்கை அரசர் உரோமரின் நேர்மையை வியந்தாராம். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மாஸ் சொன்ன கதையிலும் காசே தீர்ப்பு வழங்குகிறது: உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இலங்கை மன்னர், உரோமரே பெரியவர் என்றாராம். இரண்டு கதையிலும் வெள்ளியும் பொன்னும் மின்னுகின்றன. மண் காட்டுவது செம்பை. முதல் நூற்றாண்டின் வெள்ளியும் பொன்னும் தமிழ்நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்க, இலங்கையில் அவை அருமையாகவே தென்படுகின்றன. அரண்மனைக்குள் போன காசைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. சந்தையில் கைமாறிய காசை அறிய மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படிப் பேசிய மண் கந்தரோடை. சுண்ணாகத்துக்குப் பக்கத்தில், வழுக்கியாற்றின் அயலில், பனைக்கும் தோட்டக்காணிக்கும் நடுவே முருகைக்கல் தூபிகள் கூட்டமாக நிற்கும் ஊர். சிவில் சேவை அதிகாரியும் வரலாற்றாசிரியருமான போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டிலிருந்து இங்கே ஆராய்ந்தார். ‘நாகதீபமும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும்’ என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரைகள் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளிவந்தன. இந்தியாவின் முத்திரைக் காசுகள், இலட்சுமி உருவம் பதித்த நீள்சதுரத் தகடுகள், உரோமக் காசுகள் எல்லாம் ஒரே ஊரின் மண்ணிலிருந்து வந்தன. யாழ்ப்பாண வரலாறு இடைக்கால மன்னர்களான ஆரியச்சக்கரவர்த்திகளோடு தொடங்குகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும். பெரிய சிலையோ நீண்ட கல்வெட்டோ இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் பொருள்களே அந்த வேலையைச் செய்தன.

அந்தக் காலம் இலங்கையில் காசாய்வுக்கு நல்ல காலம். தீவில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றி ஜோன் ஸ்டில் 1907இலேயே எழுதியிருந்தார். சேது என்ற சொல்லும் நந்தியும் பொறித்த காசுகள் யாழ்ப்பாண மன்னருடையவை என்று நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் வாதாடினார். 1924இல் எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் இலங்கைக் காசுகளை எல்லாம் ஒரே நூலில் அடுக்கிவைத்தார். இன்றைக்கும் ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு இது எது என்று கேட்பவர் அந்த நூலைப் புரட்டாமல் தப்ப முடியாது.

செம்பு ஏன் இவ்வளவு மிஞ்சியது? பொற்காசு எந்தக் காலத்திலும் தட்டாரின் உலைக்குப் போகும். இல்லாவிட்டால் காசுமாலையில் ஏறும். வெள்ளிக்கும் அதே கதிதான். ஒரு கிராம் செம்பை உருக்கி யாருக்கு என்ன லாபம்? தொலைந்தால் தேடவும் மாட்டார்கள். நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் அக்கசாலைகள் இந்தச் சில்லறையை மலைமலையாக அடித்துத் தள்ளின. அதில் ஒரு பங்கு கடல் தாண்டித் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்து உள்ளூர்ச் சந்தையில் புழங்கியது.

வந்தது போதாமல் போனபோது இலங்கையர் தாங்களே அதைப்போல அடித்துக்கொண்டார்கள். மாத்தறைக்கு அருகே நைமனவில் அப்படிப்பட்ட போலிக் காசுகளின் பெரிய குவியல் கிடைத்தது. ‘போலி’ என்று சொல்வதே அநியாயம். அது யாரையும் ஏமாற்றச் செய்ததன்று, சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு மருந்து. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் இருக்கும். பேரரசரின் முகம் ஒரு மூக்கும் ஒரு கண்ணுமாகச் சுருங்கியிருக்கும். உரோம எழுத்தை வாசிக்கத் தெரியாத கைவினைஞர் ஒருவர் ஊராரின் கொடுக்கல் வாங்கலுக்காகச் செய்த இந்தக் காசு, பேரரசரின் அசல் காசைவிட இலங்கையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

மலிவான செம்பை மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘தினமலர்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய இடங்களில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைப் பற்றி 1994இல் தனி நூலே வெளியிட்டார். ஆற்று மணலில் தேய்ந்துபோய், பெருஞ்சேகரிப்பாளர் ஒதுக்கிவிடும் காசுகள் அவை. ஒவ்வொன்றையும் வகைப்படுத்தி, படம் பிடித்து, ஊர்ப் பெயரோடு பதித்ததால்தான் மேற்குலகோடு தமிழகத்தின் தொடர்பு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவை சான்றாயின. பெயரிலேயே மூன்று ஊரைச் சுமக்கும் அந்த நூலின் பலமும் அதுதான்.

சேகரிப்பவருக்குப் பணத்தைவிடப் பொறுமை தேவை. எழுத்து முழுவதும் அழிந்த காசுக்கும் காலம் சொல்லலாம். கொன்ஸ்தந்தைன் குடும்பத்தின் காசு ஒன்றில் இரண்டு போர்வீரர் ஈட்டியோடு நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் ஏறக்குறைய 330க்கும் 335க்கும் இடைப்பட்டது; ஒரே கொடி என்றால் அதற்குப் பிந்தியது. மறுபுறத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, அக்கசாலையின் குறியெழுத்து இருக்கும். அது பிழைத்திருந்தால் காசு அலெக்சாந்திரியாவில் பிறந்ததா, அந்தியோக்கியாவில் பிறந்ததா என்பதுகூடத் தெரிந்துவிடும். ஒரு கண்ணாடி, கிராமின் பின்னத்தைக் காட்டும் சிறு தராசு, குறிப்பெழுத ஒரு கொப்பி: இதற்கு மேல் கருவி தேவையில்லை.

நம் வீடுகளில் பழஞ்செம்பைக் கண்டவுடன் கை புளியைத் தேடும். செம்புக்குடத்துக்குப் புளி நல்லது, பழங்காசுக்கு அது நஞ்சு. பளபளப்பு வரும், ஆனால் பேரரசரின் முகம் போய்விடும். 1600 ஆண்டுகளாக ஏறிய களிம்பின் மேற்படையில்தான் உருவத்தின் நுணுக்கம் தங்கியிருக்கிறது. புளியின் அமிலம் அதைத்தான் முதலில் தின்கிறது. வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, இளகிய மண்ணை மட்டும் மென்மையான தூரிகையால் அல்லது மூங்கில் ஈர்க்கால் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சட்டப்படி கைக்கு வந்த காசுக்குத்தான். இலங்கையில் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள் என்கிறது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். காணி ஒருவருடையது என்பதால் மட்டும் அதிலிருந்து எடுத்த தொல்பொருள் அவருடையதாகிவிடாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டவும் முடியாது, நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் முடியாது. இச்சட்டத்தைத் தொல்லையாக நினைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஐரோப்பாவில் பழைய சேகரிப்புகளிலிருந்து விலைக்கு வரும் தியோடோசியஸ் காசும், கந்தரோடைச் செம்மண்ணில் கிடைத்த தியோடோசியஸ் காசும் பார்வைக்கு ஒன்றே. முன்னதை ஒரு நேர உணவுச் செலவில் முறையாக வாங்கி மேசையில் வைத்துப் படிக்கலாம். பின்னது எந்தக் காணியில், எந்த ஆழத்தில், எந்தப் பானையோட்டோடு கிடந்தது என்பது தெரியும்வரைதான் அதற்கு மதிப்பு. இருட்டில் புதையல் தோண்டுபவர் கையில் அது அகப்பட்ட மறுகணம் குடாநாட்டு வரலாற்றில் ஒரு வரி அழிகிறது, அவருக்கும் அதனால் பெரிய காசு வருவதில்லை.

ஆகவே கிணறு இறைக்கும்போதோ தோட்டம் கொத்தும்போதோ பச்சைநிறத் துண்டு ஒன்று தட்டுப்பட்டால், தேய்க்காமல், இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. அப்படிப்பட்ட பொருள்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் நாவலர் வீதியில் உள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலைக்குப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.