ஓர் ஊர்ப்பெயரின் நீளம்

கூத்தாநல்லூர் என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? திருவாரூர் மாவட்டத்து அவ்வூர்ப் பள்ளிச் சிறுவன் 7 என்பான். யூனிகோடு கணக்கில் 13. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் அங்கே தனித்தனிக் குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட்டுகள். ஒரே ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு கணினியில் 13 என்றும் மற்றொன்றில் 39 என்றும் சொன்ன கதை, யூனிக்ஸ் வரலாற்றில் நம் மொழிக்குரிய சிறு அத்தியாயம்.

பூசலின் வேர் தமிழில் இல்லை. ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் குனு திட்டத்துக்கு பாஷை அளித்தார். அதே ஆண்டு கென்னத் அல்ம்க்விஸ்ட் வேறொன்றை எழுதினார். அதன் வழித்தோன்றலே டாஷ். 1992இல் போசிக்ஸ் பொது இலக்கணம் வகுத்தது. இலக்கணம் வந்தும் வட்டார வழக்குகள் ஒழியவில்லை (தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை).

தமிழகத்தில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் தலைமையில், 2006-07 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அங்கே 'எஸ்.எச்' என்று அழைத்தால் வருவது பாஷ். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸோ டெபியன் குடும்பம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் மாணவர் கைக்குப் போனது. அதே 2011இல்தான் டெபியன், விரைவு கருதி, எஸ்.எச் என்ற பெயரை டாஷுக்கு மாற்றித் தந்தது. உபுண்டு 2006இலேயே மாற்றியிருந்தது. பாஷின் இரட்டை அடைப்புக்குறிகளைப் பழக்கத்தில் எழுதியவர்களின் ஸ்கிரிப்டுகள் அங்கெல்லாம் முதல் வரிகளிலேயே முறிந்தன.

முறிவது நல்லது, தவறு கண்ணுக்குத் தெரியும். ஓசையின்றிப் பிழைபடுவதே கொடிது. மாறியின் நீளம் கேட்டால் பாஷ் 13 என்னும், டாஷ் நெடுங்காலம் 39 என்றே சொல்லிவந்தது. மொழிச்சூழல் அமைக்கப்படாத நிலையில் பாஷும் 39 என்னும். 'டி.ஆர்' கட்டளை இன்னும் மோசம். ஆய்த எழுத்தை மட்டும் நீக்கச் சொன்னால் மேக் கணினி அதை மட்டும் நீக்கும். குனுவின் டி.ஆர் பைட்டுகளாகவே பார்ப்பதால், ஆய்தத்தின் மூன்று பைட்டுகளையும் கோப்பெங்கும் தேடி அழிக்கும். அவற்றில் முதலாவது தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருப்பது. பிறகு கோப்பில் தமிழே மிஞ்சாது. அதே வேலையை 'செட்' இரண்டு இடத்திலும் ஒழுங்காகச் செய்யும்.

சிறுவனின் 7 வேண்டுமானால் ஷெல்லை விட்டுப் பெர்லிடம் போக வேண்டும். பெர்ல் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.