ஏன் மனிதரையே வரைகிறோம்?

நம் ஊர் பழமலைநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்று இருபுறச் சுவர்களையும் பார்த்திருப்போம்? நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள், அங்கே வரிசையாகக் கல்லில் நிற்கின்றன. சிதம்பரத்திலும் திருவண்ணாமலையிலும் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலிலும் இதே கரணங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது தஞ்சைப் பெரிய கோயிலில் இருப்பது. அங்கே விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களில் 81 மட்டும் முடிந்திருக்கின்றன. மீதிக்கு ஒதுக்கிய கற்கள் ஆயிரம் ஆண்டுகளாக வெறுமையாகவே இருக்கின்றன.

வரைவதற்கு மரம் இருக்கிறது, மலை இருக்கிறது, யானை இருக்கிறது. ஆனாலும் மனிதன் திரும்பத் திரும்ப மனித உருவத்தையே தேடிப் போகிறான். கரித்துண்டு கிடைத்த குழந்தை சுவரில் முதலில் போடுவதும் ஒரு வட்டம், இரண்டு கண், கீழே இரண்டு கோடு. ஏன் இந்த ஆசை?

பீங்கான் ஊர்க்காரர்களான நமக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பழங்கதை கிரேக்கத்தில் உண்டு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி அதை எழுதி வைத்திருக்கிறார். கொரிந்து நகரத்தில் பூட்டடீஸ் என்றொரு குயவர். அவர் மகள் காதலித்த இளைஞன் வெளியூர் புறப்படுகிறான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தின் நிழல் சுவரில் விழ, அந்தப் பெண் நிழலின் ஓரமாகக் கோடு இழுத்துவிடுகிறாள். அப்பா அந்தக் கோட்டுக்குள் களிமண்ணை அப்பி உருவமாக்கி, காயவைத்து, தன் மற்றப் பாண்டங்களோடு சூளையில் வைத்துச் சுட்டாராம். மண்ணில் மனித முகம் வந்தது இப்படித்தான் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, கதை சொல்லும் காரணம் உண்மையானது. போகிறவரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கோடு.

இதே எண்ணம் நம் மண்ணிலும் உண்டு. சங்க காலத்து மடலேறுதல் நினைவிருக்கும். காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடித் தெருவில் வருவான். அவன் கையில் காதலியின் உருவம் எழுதிய துணி ஒன்று இருக்கும். அதைக் 'கிழி' என்பார்கள். கண் முன்னால் இல்லாதவளை ஊருக்குக் காட்ட அவனுக்கு ஓவியம் தேவைப்பட்டது.

நடுகல்லும் அப்படித்தான். போரில் விழுந்தவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதுவரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் சொல்கிறது. நமக்கு வடமேற்கே செங்கம் பக்கத்தில் எடத்தனூரில் உள்ள நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர். பெயரோடு எழுத்து வெட்டினால் போதாது, அவன் நின்ற நிலையும் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்திருக்கிறார்கள்.

பிரிவு மட்டும் காரணமாகிவிடாது. ஆதிச்சநல்லூரில் 2004, 2005-இல் அகழ்ந்தபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில், மண்ணை ஒட்டியே ஒரு பெண்ணின் உருவம் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் கொக்கு, மான், முதலை. பானை பிடிக்கத் தெரிந்த கை சும்மா இருக்கவில்லை. தான் பார்த்த உலகத்தைச் செய்து பார்த்திருக்கிறது, அதன் நடுவில் ஒரு மனுஷியையும் வைத்திருக்கிறது.

மனித உருவத்தில் ஒரு சவாலும் இருக்கிறது. வேப்பமரத்தில் ஒரு கிளையை இடம் மாற்றி வரைந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்தவர் முகத்தில் மூக்கு ஒரு நூல் தள்ளிப்போனால் சின்னப் பிள்ளைகூட "இது மாமா இல்லை" என்றுவிடும். பிறந்த நாள் முதல் முகங்களைப் பார்த்தே பழகிய நம் கண்ணை ஏமாற்ற முடியாது. அதனால்தான் ஓவியனுக்கு அதை ஜெயிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கே சுந்தரர் கதை இருக்கிறது. நம் ஊரில் பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரே, அதே சுந்தரர்தான். அவர் திருமணத்தைத் தடுக்க ஓலையோடு வந்த கிழவரைப் பாருங்கள். ஒரு கையில் ஓலை, மறு கையில் குடை. நம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் பெரியவரைப் போலவே இருக்கிறார்.

அப்படிப் பார்க்கப் பழகுவதற்காகத்தான் சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் மூர் மார்க்கெட்டிலும் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வரைந்தார்கள். அந்தக் கல்லூரியில் படித்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியையே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. கல்லில் இருப்பதை மறுபடியும் காகிதத்தில் பார்த்தவர் அவர்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரண்டு படங்கள் உண்டு. ஒன்று ஸ்டூடியோவில் எடுத்தது. கழுத்துப் பட்டன் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு அதிகாரி மாதிரி இருப்பார். இன்னொன்று 1974-இல் என் தம்பி கணக்கு நோட்டின் பின்பக்கம் பென்சிலில் போட்டது. அப்பா திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு கை தலைக்கு அடியில், வேட்டி முழங்காலுக்கு மேலே, வாய் லேசாகத் திறந்து. காது சரியாக வரவில்லை, கால் கட்டைவிரல் பெரிதாகிவிட்டது. ஆனாலும் திவசத்தன்று மாலை போடுவது அந்த ஸ்டூடியோ படத்துக்கு. அம்மா இருந்தவரை எடுத்து எடுத்துப் பார்த்தது நோட்டுப் படத்தைத்தான். பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஓவியம் படிக்காதவன் என் தம்பி. ஆனால் அரை மணி நேரம் அப்பாவை மட்டுமே பார்த்திருக்கிறான். நாங்கள் யாரும் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

நம் ஊர் பொம்மைப் பட்டறைகளிலும் இதைக் காணலாம். அச்சில் வார்த்து எடுக்கும் பொம்மைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் வரும். கண்ணும் புருவமும் தூரிகையால் எழுதும்போதுதான் ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும். கொலுவுக்கு வாங்க வருகிறவர்கள் பத்துப் பொம்மைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுப்பது அந்த முகத்துக்காகத்தான்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆயிரம் போட்டோ இருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் இந்த லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "தாத்தாவை வரை" என்று எதிரில் உட்காருங்கள். படம் எப்படி வேண்டுமானாலும் வரட்டும். பிள்ளை நம்மை அரை மணி நேரம் நிமிர்ந்து பார்க்கும். அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.