டபிள்யூ, இசட் போசான்களின் கண்டுபிடிப்பு

டபிள்யூ, இசட் போசான்கள் மென்விசையைக் கடத்தும் அடிப்படைத் துகள்கள். பீட்டா சிதைவு இவ்விசையால் நிகழ்வது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 1983இல் இவை கண்டறியப்பட்டன.

இத்துகள்கள் இருந்தாக வேண்டும் என்று கிளாஷோ, வைன்பெர்க், அப்துஸ் சலாம் ஆகியோரின் கோட்பாடு 1960களிலேயே கூறியது. ஆனால் அவற்றை உண்டாக்கும் வலு அன்று எந்த எந்திரத்துக்கும் இல்லை. இரண்டின் நிறையும் புரோட்டானைப் போல 80 மடங்குக்கும் மேல். 1976இல் இயங்கத் தொடங்கிய செர்னின் சூப்பர் புரோட்டான் சிங்க்ரோட்ரான் என்னும் வளைய முடுக்கி புரோட்டான்களுக்கு 400 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தந்தது. அசையாத இலக்கில் மோதினால் அதில் சுமார் 27 மட்டுமே புதுத் துகளாக மாறப் பயன்படும்.

அதே வளையத்தில் புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் எதிரெதிராகச் சுற்றவிட்டு நேருக்கு நேர் மோதவிடலாம் என்று அவ்வாண்டே கார்லோ ரூபியா, டேவிட் கிளைன், பீட்டர் மெக்கின்டயர் மூவரும் முன்மொழிந்தனர். மின்னூட்டம் எதிர் என்பதால் ஒரே காந்தங்கள் இரண்டுக்கும் போதும். இடர்ப்பாடு எதிர்ப்புரோட்டான்களைச் சேர்ப்பதில்தான். ஏறத்தாழ பத்து லட்சம் புரோட்டான்களை இலக்கில் அடித்தால் பயன்படத்தக்க ஒன்று கிடைக்கும். அதுவும் வேகமும் திசையும் சிதறி வரும்.

இதற்குத் தீர்வு கண்டவர் டச்சுப் பொறியாளர் சைமன் வான் டெர் மேர். சேமிப்பு வளையத்தின் ஓரிடத்தில் உள்ள உணரி, கடந்து செல்லும் கற்றையின் சராசரி விலகலை அளக்கும். அந்தச் சைகை வளையத்தின் குறுக்கே விரைந்து, துகள்கள் வளைந்து வந்து சேருமுன் மறுபுறம் சென்று காத்திருக்கும். வந்ததும் மின்புலத்தால் திருத்தும். சுற்றுக்குச் சுற்று இப்படித் திருத்தத் திருத்தக் கற்றை இறுகும். ரூபியாவின் துணிச்சல் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் இந்த நுட்பம் இல்லையேல் அத்திட்டம் தாளோடு நின்றிருக்கும்.

1981இல் மோதல்கள் தொடங்கின. 1982 இறுதியில் நிகழ்ந்த கோடிக்கணக்கான மோதல்களில் யூஏ1, யூஏ2 என்னும் இரு ஆய்வுக் குழுக்கள் தேடிய அடையாளம் ஒன்றே: உயர் ஆற்றலுடன் பக்கவாட்டில் பாயும் தனி எலக்ட்ரான், அதற்கு எதிர்ப்புறம் எதுவும் பதிவாகாத வெறுமை. அந்த வெறுமை, கருவிக்குச் சிக்காமல் தப்பிய நியூட்ரினோவின் தடம். இரு குழுக்களுக்கும் சேர்த்துச் சுமார் பத்து நிகழ்வுகளே தேறின. 1983 ஜனவரியில் டபிள்யூ அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் இசட் வந்தது. நிறைகள் கோட்பாடு சொன்ன இடத்திலேயே, முறையே 80, 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே அமைந்தன.

1984ஆம் ஆண்டின் நோபல் பரிசை ரூபியாவும் வான் டெர் மேரும் பகிர்ந்துகொண்டனர். 2012இல் ஹிக்ஸ் போசானைக் கண்ட பெரும் ஹாட்ரான் மோதுவிக்குப் புரோட்டான்களை முடுக்கி அனுப்புவது இதே சூப்பர் புரோட்டான் சிங்க்ரோட்ரான்தான்.