கேரவன்

படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டி என்றே நமக்குப் பழகிப்போன சொல். பாரசீகத்தில் ‘கார்வான்’ வண்டியே அல்ல. கள்வருக்கு அஞ்சி ஒன்றாகச் சேர்ந்து போகும் வணிகர் கூட்டம். தமிழில் இதற்குச் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பது அதுதான். கார்வான் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய், மூடிய வண்டியைக் குறித்து, தலை வெட்டுண்டு ‘வேன்’ ஆகவும் ஆயிற்று. கூட்டம் இராத்தங்கும் சத்திரம் கார்வான்சராய். முகல்சராய் என்ற பழைய ஊர்ப்பெயரில் உள்ள சராய் அதன் மிச்சம்.

முன்பு இப்படிக் கார்வானாகத்தான், கடலே இல்லாத ஆப்கானிஸ்தானிலிருந்து பொவிந்தா எனப்படும் வணிகர்கள் கோமல் கணவாய் வழியே ஒட்டகங்களோடு சிந்துச் சமவெளிக்கு இறங்குவார்கள். பின்னர் அந்த வேலை லாரிக்கு வந்தது. பாகிஸ்தானோடு 1965-இலும் 2010-இலும் செய்த ஒப்பந்தங்களின்படி, கராச்சியில் இறங்கும் ஆப்கன் சரக்கு சுங்க முத்திரையிட்ட கன்டெய்னரில், இறக்குமதித் தீர்வையின்றி, தோர்கம் அல்லது சமன் எல்லைக்குப் போகும். ஏட்டில் எல்லாம் ஒழுங்கு. அரசுகள் முறைத்துக்கொண்டு எல்லையை மூடினால், மறுபக்கம் காத்திருக்கும் காந்தகார் மாதுளை லாரியிலேயே அழுகும்.