"நோகுதா?" எண்டு கேட்ட தாதிகள்

"ஒண்டுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்." ஊசி போட முதல் எங்களுக்குச் சொல்லப்பட்ட பொய் இது. அழுதால், "பெரிய பிள்ளையெல்லோ, அழலாமே?" எண்டு அடுத்த கேள்வி வரும். பிள்ளையின்ர நோவைக் கணக்கில எடுக்காத இந்தப் பழக்கம் எங்கட வீடுகளில் மட்டும் இருந்ததில்லை. மருத்துவத்திலும் நீண்டகாலம் இருந்தது.

1970களில் அமெரிக்காவின் அயோவாவில் ஜோ ஈலண்ட் என்ற தாதி, சத்திரசிகிச்சை முடிந்த 4 முதல் 8 வயது வரையான 25 பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தார். 13 பேருக்கு வலிநிவாரணி ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை. மிச்சம் 12 பேருக்கும் சேர்த்து 24 தடவைகள்தான். ஒப்பிட்டுப் பார்த்த 18 பெரியவர்களுக்கோ 671 தடவைகள்!

ஏன் இப்படி? சின்னப் பிள்ளைகளின் நரம்புகள் முழுதாக வளரவில்லை, அவர்களுக்குப் பெரிசா நோகாது, நொந்தாலும் மறந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். மோர்பின் போன்ற மருந்துகள் மூச்சை அடக்கிவிடும் என்ற பயமும் இருந்தது. இன்னொரு சிக்கல், மருந்து பெரும்பாலும் ஊசியாகவே வந்தது. "நோகுதா?" எண்டு கேட்டால், ஊசிக்குப் பயந்த பிள்ளை "இல்லை" எண்டுதானே சொல்லும்.

கைக்குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். 1980களிலும் குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதிய வலிநிவாரணி இல்லாமலே சத்திரசிகிச்சை நடந்தது. 1987இல் ஆனந்தும் சகாக்களும் 'லான்செற்' இதழில் வெளியிட்ட ஆய்வு, வலிநிவாரணி கொடுத்தால் அந்தக் குழந்தைகள் சத்திரசிகிச்சையை நன்றாகத் தாங்குகிறார்கள் என்று காட்டியது.

ஆனால் நோவை எப்படி அளப்பது? 1981இல் ஒக்லஹோமாவின் துல்சா நகரில், தீக்காயப்பட்ட பிள்ளைகளோடு வேலைசெய்த தாதி டொனா வோங்கும் கொனி பேக்கரும் பிள்ளைகளிடமே கேட்டார்கள். இலக்கம் விளங்காத பிள்ளைகளுக்கு முகம் விளங்கியது. அவர்கள் கீறிய முகங்களிலிருந்துதான், சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் அந்த ஆறு முகங்களும் வந்தன. பேசத் தெரியாதவர்களுக்கு 1997இல் இன்னொரு அளவுகோல் வந்தது. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளி, மொத்தம் 10.

புள்ளியை எழுதிவிட்டு சும்மா இருந்தால் ஈலண்ட் பார்த்த அதே வாட்டுதான். அளக்க வேணும், மருந்து கொடுக்க வேணும், திரும்பவும் போய்க் கேட்க வேணும்.

எங்களால் செய்யக்கூடியதும் ஒண்டு இருக்கு. அடுத்தமுறை ஒரு பிள்ளையை ஊசிக்குக் கூட்டிப்போகேக்க எறும்புக் கதையை விடுவம். "கொஞ்சம் நோகும், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்" எண்டு சொல்லுவம்.