சார்தீனியரும் அவர்கள் மொழியும்

சார்தீனியா, மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. அதன் மண்ணின் மக்களான சார்தீனியர் இன்று இத்தாலியக் குடிமக்கள். ஆனால் அவர்களுடைய மொழியை இத்தாலியத்தின் வட்டார வழக்கு என்பது தவறு. அது இலத்தீனிலிருந்து நேரே கிளைத்த தனிமொழி.

இலத்தீனுக்கு முன்பு இங்கே வேறு மொழி வழங்கியது. கி.மு. 1800 அளவில் தழைக்கத் தொடங்கிய நுராகிப் பண்பாட்டினர், சாந்து பூசாமல் பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய கோபுரங்களில் ஏறத்தாழ 7,000 இன்றும் காணக் கிடைக்கின்றன. பாருமினி ஊரிலுள்ள கோபுரத் தொகுதி 1997இல் உலக மரபுச் சின்னமானது. அந்தப் பழைய மொழியின் எச்சம் பெரும்பாலும் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கி.மு. 238இல் கார்த்தேஜிடமிருந்து தீவை ரோம் பறித்துக்கொண்டது. மலைநாட்டார் எளிதில் பணியவில்லை. ஆயினும் நாளடைவில் அவர்கள் வாயிலும் இலத்தீனே குடியேறியது. கடல் சூழ்ந்த தனிமையில் அதன் பழைய ஒலிப்பும் தங்கிவிட்டது. நூறு என்ற எண், வட பகுதிப் பேச்சில் இன்றும் இலத்தீனைப் போலவே ககர ஒலியோடு 'கெந்து'தான்.

ரோமுக்குப் பின் தீவை ஆண்ட பைசாந்தியப் பேரரசின் பிடி தளர்ந்தபின் தீவில் நான்கு அரசுகள் எழுந்தன. மன்னர்களுக்கு 'நீதிபதி' என்பதே பட்டம். சார்தீனிய மொழியின் பொற்காலம் இதுவே. ஐரோப்பாவின் பெரும்பகுதி இலத்தீனில் ஆவணம் எழுதிக்கொண்டிருந்த 11ஆம் நூற்றாண்டிலேயே இங்கு நிலக்கொடையும் வழக்கும் மக்கள் பேச்சில் பதிவாயின. மடங்களின் 'கொண்டாகே' ஏடுகளில் கொத்தடிமைகளின் கணக்கும் உண்டு: ஓர் ஆளின் உழைப்பில் பாதி ஒருவருக்கு, கால் பங்கு இன்னொருவருக்கு என்று பாகம் பிரித்திருக்கிறார்கள். படிக்கவே மனம் கூசும் துல்லியம்! 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்போரேயா அரசி எலியனோரா இதே மொழியில் வெளியிட்ட 'கார்த்தா தே லோகு' சட்டத்தொகுப்பு, அரகோன், ஸ்பெயின் ஆட்சிகளையும் தாண்டி 1827 வரை நடைமுறையில் இருந்தது.

அரகோனியர் 1323இல் படையெடுத்தபின் அலுவல் மொழி கத்தலானாக மாறியது, பிறகு ஸ்பானியம். 1720இல் சவோய் வம்சத்தின் கைக்குத் தீவு போனது. 1760களில் பள்ளிகளில் இத்தாலியம் புகுத்தப்பட்டது. மொழிக்கு விழுந்த பெரிய அடி அதுதான். நோபல் பரிசு பெற்ற இத்தீவின் எழுத்தாளர் கிராசியா தெலெத்தாவும் இத்தாலியத்தில்தான் எழுதினார். தீவில் பிறந்த சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷியோ, பிள்ளைகளைத் தாய்மொழியில் பேசவிடும்படி 1927இல் சிறையிலிருந்து தங்கைக்குக் கடிதம் எழுதினார்.

இத்தாலி 1999இல் சார்தீனியத்தைச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. 2006இல் வந்த பொது எழுத்துமுறையோ வடக்கின் லோகுதோரியம், தெற்கின் கம்பிதானியம் என்ற இரு வழக்குகளுக்கிடையிலான பூசலைத் தீர்க்கவில்லை. வீடுகளில் பிள்ளைகளிடம் இம்மொழியில் பேசுவது குறைந்துபோனதால், அழியும் நிலையிலுள்ள மொழிகளின் வரிசையில் யுனெஸ்கோ இதைச் சேர்த்துள்ளது.