காலம் கடந்த கண்ணீர்

நெய்வேலி மக்களுக்குக் கொதிகலனைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு விரிசல் கண்டால் உற்பத்தி குன்றும்; இரவுப் பணியாளர் உறக்கம் இழப்பர். அத்தகைய விரிசலோடு போர்முனைக்குச் சென்ற ஒரு கப்பலின் வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறேன். அதன் பெயர் விக்ராந்த்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், பிரித்தானியக் கடற்படைக்காக ‘ஹெர்குலிஸ்’ என்னும் பெயரில் அதன் கட்டுமானம் தொடங்கியது. 1945-இல் அது நீரில் இறக்கப்பட்டபோது போர் ஓய்ந்திருந்தது. முற்றுப்பெறாமல் கிடந்த அதனை 1957-இல் இந்தியா விலைக்கு வாங்கிற்று. பெல்பாஸ்ட் நகரில் கட்டி முடிக்கப்பெற்று, 1961 மார்ச் 4 அன்று நம் கடற்படையில் சேர்ந்தது. நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் இதுவே.

1971-இல் போர் மூண்டபோது அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முழு வேகத்தில் செல்ல இயலாத கப்பலைக் கரையிலேயே நிறுத்திவிடலாம் என்று கருதியோரும் உண்டு. ஆயினும் அது வங்கக் கடலுக்கு அனுப்பப்பெற்றது. கிழக்குக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் என்னும் தமிழர். அவர் விக்ராந்தை அந்தமானில் மறைத்து வைத்து, அது விசாகப்பட்டினத்தின் அருகில் உள்ளதுபோலப் போலிச் செய்திகளால் தோற்றம் உண்டாக்கினார். அதனைத் தேடி வந்த பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தருகே மூழ்கியது. மூழ்கிய காரணத்தில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. அதிலிருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதில் வேறுபாடில்லை. அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்த அன்னையர் இருந்தனர் அன்றோ! டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

1997 ஜனவரி 31-இல் கப்பல் ஓய்வு பெற்றது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, பாதுகாப்புக் குறைவால் 2012-இல் மூடப்பட்டது. இனிப் பேண இயலாது என்று மாநில அரசு கைவிரித்தது. ஏலச் செய்தி வெளிவந்த பின்னரே பலர் விழித்தனர். முன்னாள் கடற்படையினரும் பொதுமக்களும் குரல் எழுப்பினர், நிதி திரட்டும் முயற்சிகளும் நடந்தன, வழக்கும் தொடரப்பட்டது. 2014 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்ட கப்பலை, உச்சநீதிமன்றத்தின் அனுமதிக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் உடைக்கத் தொடங்கினர். அதன் உலோகத்தில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள்களாயிற்று. 2022-இல் கொச்சியில் புதிய கப்பல் ஒன்று அதே பெயரைப் பெற்றது. பெயர் மீண்டது, பழைய கப்பல் மீளவில்லை.

மக்களின் அன்பு பொய்யன்று. அது பிந்தி வந்தது என்பதே குறை. ஜப்பானின் ‘மிகாசா’ போர்க்கப்பலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதைந்து, நடனக் கூடமாகக்கூடத் தாழ்ந்தது. ஆனால் இரும்பு எஞ்சியிருக்கும்போதே குரல் எழுந்தது. மக்கள் நன்கொடை தந்தனர். ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் துணைநின்றார். 1961-இல் அது புதுப்பிக்கப்பெற்றது. பகைவனாயிருந்தவன் கைகொடுக்க முன்வந்தான். நம் கப்பலுக்கோ உறவினராகிய நாமே காலத்தில் செல்லவில்லை. நம் நாட்டிலும் நல்ல சான்று உண்டு. 1971 போரில் பணியாற்றிய ‘குர்சுரா’ நீர்மூழ்கிக் கப்பல் 2001-இல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாயிற்று. துருப்பிடிக்க அதனைக் காத்திருக்க விடவில்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்து, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நம் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் பணியை நிறுத்திக்கொண்டது. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அதன் கொதிகலனால் எரிந்தது! பெரும் இயந்திரங்களைக் காப்பது நம் கைக்கு எட்டாமற் போகலாம். ஆனால் அங்கே உழைத்த முதியவர்களின் நினைவுகளை எழுதி வைக்கலாம். பழைய நிழற்படங்களையும் கருவிகளையும் சேர்த்து வைக்கலாம். ஏல அறிவிப்பு வந்தபின் எழும் ஆயிரம் குரல்களைவிட, இன்று ஒரு முதியவரின் அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு பேரனின் செவி மேலானது.